கண்ணுக்குள்ளே எடுத்த படம்

"தாடையை இதுல வைங்க. ஏன் இப்படி நடுங்குறீங்க, வைசாலே? கண்ணைப் பிடுங்கவா போறேன்?"

ஃபிஜித் தலைநகர் சூவாவிலிருந்து வந்த மருத்துவ வேன் லபாசா பஸ் நிலையத்தில் நின்றிருந்தது. உள்ளே இருட்டு. கண்ணைப் படமெடுக்கும் மெஷினுக்கு முன்னால் இருந்தவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"பஸ் ஓட்டுறவங்க எல்லாருக்கும் இந்தப் பயம்தான்," என்றாள் நர்ஸ் சலோத்தே. "கண்ணு சரியில்லன்னா கம்பெனி வீட்டுக்கு அனுப்பிடுமாமே."

கூட வந்த மச்சான் கதவோரம் நின்று சிரித்தார். "காலையிலேருந்து மரவள்ளிக்கிழங்கைக்கூடத் தொடலை சிஸ்டர். ஆறடி உடம்பு, உள்ள கோழிக்குஞ்சு."

"வாயை மூடுடா. உனக்கென்ன, நிக்கிற. உட்கார்ந்து பாரு தெரியும்."

"ஆடாம இரு மச்சான். பஸ்காரன் சம்பளத்துல நாலு பிள்ளைங்க சாப்பிடுது." இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

பளீரென்று வெளிச்சம் வெட்டியது. அடுத்த கண்ணுக்கு இன்னொரு தடவை.

திரையில் செக்கச் செவேலென்று ஒரு வட்டம் வந்தது. அதில் வேர்வேராக ரத்தக் குழாய்கள். சலோத்தே குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை.

"என்ன சிஸ்டர்?" மச்சான்தான் கேட்டார்.

"இந்தத் திட்டெல்லாம் ரத்தக் கசிவு. ரெண்டு கண்ணுலயும். சர்க்கரை இருக்கறதே தெரியாம இருந்திருக்கீங்க. உடனே சூவா போய் லேசர் வைக்கணும், இல்லன்னா பார்வை போயிடும். இனி பஸ் பேச்சே வேண்டாம், வைசாலே."

நாற்காலியில் இருந்தவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க சிஸ்டர்," என்றார் மச்சான். "மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. சூவா ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன், இவர் பேருக்கு இடம் போட்டுருவாங்க."

மச்சான் கதவைச் சாத்திவிட்டு சலோத்தேயின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்போ இவன் பேரை இசிகேலின்னு சொல்லுங்க சிஸ்டர், இவன் கரும்பு வெட்டுறவன். பஸ் ஓட்டுற வைசாலே நான்தான். என் கண்ணு மங்கிட்டு வருதேன்னு, ஊர்லயே நல்ல கண்ணா பார்த்து இவனை எனக்குப் பதிலா உட்காரச் சொன்னேன்... மச்சான் கேட்டா எங்கள்ல எவன் மாட்டேன்னு சொல்லுவான்?"