செர்ரிச் செடியின் ஊதாக் கோட்டு

பக்கத்து வீட்டு ஆர்விட் தன் செர்ரிச் செடிக்கு ஊதாக் கோட்டு மாட்டி, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் டுலூத் ஊரில் பனி விழுமுன் நாங்களெல்லாம் புதினாவை ஒட்ட வெட்டுவோம், ஸ்ட்ராபெர்ரியை வைக்கோலால் மூடுவோம், கன்றுகளுக்குச் சாக்கு சுற்றுவோம். இவர் மட்டும் கோட்டு போடுவார். ஆப்பிள் கன்றுக்குத் தன் பழைய மழைக்கோட்டு, தைம் செடிக்குக் கம்பளித் தொப்பி. தெருவே சிரிக்கும்.

"போன வருஷத்தைவிடப் பெரிய சைஸா இருக்கே?" என்றேன்.

"செடி வளருதுல்ல" என்றார்.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். மூன்று வருடமாக, முதல் பனி விழுந்த காலையில் அந்தச் செர்ரியின் கோட்டு மட்டும் திருடு போகிறது. போலீசுக்குச் சொல்லலாம் என்றால் மனிதர் காதிலேயே வாங்குவதில்லை. செடிக்கு ஒரு சாக்கைச் சுற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். அடுத்த வருடம் மறுபடி புதுக் கோட்டு. இப்படி ஒரு அப்பாவி இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? நானே பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

பனி விழுந்தது. விடிந்ததும் வேலியோரம் பதுங்கி நின்றேன். கை கால் விறைத்துப்போனது. ஆனாலும் பிடித்துவிட்டேன்.

தெருக்கோடி ரோலண்ட். காகித ஆலையை மூடியதிலிருந்து வேலை இல்லாதவன். சர்ச்சிலிருந்து நாங்கள் துணிமணி கொண்டுபோனபோது, 'நான் பிச்சைக்காரன் இல்லை' என்று வாசலோடு திருப்பி அனுப்பியவன். இப்போது கையில் ஊதாக் கோட்டு.

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆர்விட்டைக் கூப்பிட்டேன். வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தார்.

"விடுப்பா அவனை. அது நான் குடுத்தது."

ரோலண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும் எனக்கு எதுவும் குடுக்கல. நான் திருடினேன்."

ஆர்விட் சட்டென்று சுதாரித்தார். "ஆமாமா, திருட்டுத்தான். நான்தான் மறந்துட்டேன். நீ எடுத்துக்கிட்டு ஓடு."

"இப்ப ஓடினா அது குடுத்ததா ஆயிடும்" என்றான் ரோலண்ட்.

கோட்டைத் திரும்பச் செடிக்கு மாட்டினான். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான். மகளைப் பள்ளிக்கு அனுப்ப நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் எங்களைத் தாண்டிப் பள்ளிப் பஸ்ஸுக்கு ஓடினாள். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுபோன சிவப்புக் கோட்டு, பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. போன வருடம் அதை அந்தச் செர்ரிச் செடியின் மேல் பார்த்திருக்கிறேன்.



ஆர்விட் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"மூணு வருஷமாப் பாடுபட்டு அவனைத் திருடப் பழக்கி வச்சிருந்தேன். ஒரே காலையில யோக்கியனாக்கிட்டியே, பாவி!"