மூன்றாவது குவளை

மிண்டெலோ துறைமுகத்தில் பாய் விரித்தபோது படகில் இரண்டே பேர். கேப்டன் கூல்வென், வேலைக்கு நான். அட்லாண்டிக்கைக் கடந்து மார்டினிக் தீவு போய்ச் சேரப் பதினாறு நாள். குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர். காலையில் கேப்டன் தொட்டிக்குள் குச்சி விட்டு அளப்பார்.

ஐந்தாம் நாள் நான்குக்குப் பதில் ஆறு லிட்டர் குறைந்திருந்தது.

"என்ன பட்டதாரியம்மா, திருட்டுத்தனமா தலைக்குக் குளிக்கிறியா?"

"மோந்து பாருங்க கேப்டன். அஞ்சு நாள் உப்பு."

அவர் தொட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என் பங்கைப் பாதியாக்கினார். எங்கும் ஒழுகவில்லை. மறுநாளும் நாங்கள் குடித்தது போக இரண்டு லிட்டர் குறைந்தது.

மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. மேஜையில் மூன்றாவதாக ஒரு குவளையை வைத்து நிரப்பினார்.

"இது யாருக்கு?"

"உனக்கில்ல. வேலையப் பாரு."

தினமும் மாலைக்குள் அது காலியானது. அதற்கு ஊற்றியது போக, தொட்டியில் கூடுதலாக எதுவும் குறையவில்லை. என் பங்கு மட்டும் பாதியாகவே இருந்தது.

பதினான்காம் நாள் குச்சி ஈரமில்லாமல் வந்தது. கரை இன்னும் இரண்டு நாள். மேஜையில் அவர் குவளையும் மூன்றாவதும் கவிழ்ந்திருந்தன. என்னுடையது விளிம்புவரை நிறைந்திருந்தது.

"எங்கருந்துடி எடுத்த?"

"சாவி உங்க கழுத்துலதான கேப்டன் தொங்குது?"

தொட்டித் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குவளையை அந்த மூன்றாவதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.