பல்லி வாயை மூடிய நாள்

ஓட்டு வீட்டுக் கூரையில் பல்லியும் எலியும் குடியிருந்தன. ஓடு மாற்றலாமா என்று வீட்டுக்காரர் பேச்செடுத்தாலே, இடம் போய்விடும் என்ற பயத்தில் பல்லி கத்திவிடும். உடனே அவர், “சகுனம் சரியில்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார். மூன்று வருஷம் இப்படியே போச்சு.

இந்த மழைக்கு, சுவரிடுக்கில் இருந்த பல்லி முட்டைக்குப் பக்கத்திலேயே ஒழுகியது.

“அக்கா, முட்டை நனையப் போகுது. இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு இரு. புது ஓட்டுலயும் நமக்கு இடம் இருக்கும்” என்றது எலி.

மறுநாள் பேச்சு வந்தது. பல்லி மூச்சுகூட விடவில்லை. வீட்டுக்காரர் மேலே பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

“பல்லி ஒண்ணுமே சொல்லலையே. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“இந்த ஆளைத் திருத்த முடியாது” என்றது எலி.

அவர் மனைவி ஓடு மாற்றுகிறவருக்கு போன் போட்டாள். “நாளைக்கே வாங்கண்ணே.”

பல்லி சந்தோஷத்தில் கத்தியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.