எட்டில் ஆறு

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் நண்பன் சொன்னது இது; நான் நேரில் பார்க்கவில்லை.

ஒரு ப்ராசசர் எட்டு கோர்களோடு, அதாவது எட்டு மூளைகளோடு பிறந்தது. தொழிற்சாலைச் சோதனையில் இரண்டு வேலை செய்யவில்லை. குப்பைக்குத்தான் போகப்போகிறோம் என்று நடுங்கியது. அந்த வாரம் பார்த்து எதிர்க் கம்பெனி ஆறு கோர் ப்ராசசர் ஒன்றை மலிவாக இறக்கியது. இதைத் தயாரித்த கம்பெனிக்காரர்களும் போட்டிக்கு அவசர அவசரமாகக் கெட்ட இரண்டையும் மூடிவிட்டு, ஆறு கோர் என்று இதைக் கடைக்கு அனுப்பினார்கள்.

கடை அலமாரியில் பக்கத்திலேயே அந்த எதிராளி ப்ராசசர்.

"என்ன தம்பி, எட்டோட பிறந்து ஆறோட நிக்கிறியாமே?"

"ஆமாண்ணே. நீங்க வரலைன்னா நான் குப்பையிலதான் கிடந்திருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்."

எதிராளி சற்று நகர்ந்து இடம் விட்டது. பிறகு, "கொஞ்சம் முன்னால வாடா, வாங்க வர்றவங்க கண்ணுல நீயும் படணும்" என்றது.

பின்னால் விசாரித்துப் பார்த்தேன். எதிராளியும் பிறந்தபோது எட்டு கோர்தான்.