மாதிரிக் கட்டுரை

மடிக்கணினியில் வீடியோ அழைப்பு. ஒரு கறுப்புச் சதுரம் மட்டும்தான் தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது.

மரியாதையாகப் பேசுகிற வாடிக்கையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் சந்தேகமே அதுதான்.

வலைப்பதிவு எழுதிப் பிழைக்கிறவள் நான். என் பெயரில் அல்ல, காசு கொடுக்கிறவர்களின் பெயரில். மெத்தைக் கடைக்காரருக்கு முதுகுவலி, பல் டாக்டருக்குப் பல்கூச்சம். மெத்தைக்காரர் ஒரு கட்டுரைக்குத் தருவதை வைத்து அவர் கடையில் ஒரு தலையணை உறைகூட வாங்க முடியாது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொன்னதிலிருந்து, நல்ல கூலி தருகிற ஆள் கிடைக்குமா என்று நாயாய் அலைந்துகொண்டிருந்தேன்.

இந்த அம்மாள் தானாக வந்தார். நான் கேட்டதைப்போல மூன்று மடங்கு தருகிறேன் என்றார். மின்னஞ்சல் வந்த அன்றே அவருக்கு ‘மூணு மடங்கு’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

என் கணவர் காய் நறுக்கிக்கொண்டே எச்சரித்திருந்தார்.

“பேரம் பேசாத ஆளு உலகத்துல உண்டா? லிங்க் ஏதாவது அனுப்பினா தொட்டுடாத.”

லிங்க் ஒன்றும் வரவில்லை. கேமராவைப் போடச் சொன்னேன். அப்புறம் போடுகிறேன் என்றார். அதைக்கூட விட்டுவிடலாம். மாதிரிக் கட்டுரை கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

எங்கள் தொழிலில் மாதிரிக் கட்டுரை கேட்காமல் யாரும் வேலை தரமாட்டார்கள். ஒன்று எழுதிக் காட்டச் சொல்லி இலவசமாக வாங்குவார்கள். பிடிக்கவில்லை என்பார்கள். அப்புறம் சத்தமில்லாமல் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் ஏமாந்து ஏமாந்து கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதிரிக் கட்டுரை ஒவ்வொன்றிலும் நானே இட்டுக்கட்டிய குறிப்பு ஒன்றைச் செருகிவிடுவேன். உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாத குறிப்பு. பிற்பாடு இணையத்தில் அதைத் தேடினால் திருடன் அகப்படுவான்.

யார் அதையெல்லாம் செய்து பார்க்கப்போகிறார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“பழைய போட்டோவுல பூஞ்சை பிடிச்சா, வெங்காயத் தண்ணில பஞ்சை நனைச்சு மெதுவா துடைக்கலாம்னு எழுதியிருந்தீங்களே,” என்றது குரல்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெங்காயத் தண்ணீர் நான் வைத்த பொறி. போட்டோவுக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்றுக்கு மாதிரியாகக் கொடுத்த கட்டுரை. எங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று ஒரே வரியில் கழற்றிவிட்டவர்கள். இவர் அதைப் படித்திருக்கிறார் என்றால் கடை திருடியிருக்க வேண்டும். இல்லையென்றால் இவரே அந்தக் கடைக்காரி.

ஆள் வசமாகச் சிக்கிவிட்டாள் என்று நினைத்தேன். காட்டிக்கொள்ளாமல் ம், ம் என்று கேட்டபடியே தேடல் பெட்டியில் அந்த வரியைத் தட்டினேன்.

கடையின் தளம் முதலில் வந்தது. அதன் கீழே இன்னொரு தளம். அதற்கும் கீழே இன்னொன்று. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவனைப் பார்த்து ஒருவன் எடுத்திருக்கிறான். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, படுபாவிகள். கோபம் வந்தது. இத்தனை பேரைப் பிடித்துவிட்டோமே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கே படித்தீர்கள் என்று குரலில் தேன் தடவிக் கேட்டேன்.

மறைக்கவே இல்லை அவர். சட்டக் கடையின் தளத்தில்தான் என்றார். எழுதியது யார் என்று கடையில் போய்ச் சண்டை போட்டாராம். கட்டுரையில் போடாத என் பெயரை, சண்டை என்று வந்ததும் மின்னஞ்சல் முகவரியோடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எதற்குச் சண்டை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேமராவைப் போட்டார்.

முகம் வரவில்லை. மேசை தெரிந்தது. மேசைமேல் ஒரு பழைய போட்டோ.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்கடிகாரத்தின் முள்கூடத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் ஒரு சிறுவன். சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. கழுத்துக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

தம்பி என்றார். எடுத்தது இந்த ஒரு போட்டோதான் என்றார். தம்பி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகியும் அம்மா தினமும் இதைக் கையில் வாங்கிப் பார்ப்பாராம். பூஞ்சை பிடிக்கிறதே என்று இவர்தான் துடைத்திருக்கிறார். இரண்டு நாளாக அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். சட்டம் மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.



முதல் கட்டுரை அதைப் பற்றித்தான் வேண்டும் என்றார். அந்தக் குறிப்பு பொய் என்று எழுத வேண்டும். அதைப் போட்டிருக்கிற இடமெல்லாம் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு செலவானாலும் தருகிறேன் என்றார். குரலில் அதே மரியாதை.

தேடல் பக்கம் அப்படியே திறந்திருந்தது. சற்று முன்புவரை திருடர்களாகத் தெரிந்த வரிசை. ஒவ்வொன்றையும் யார் யார் படித்தார்களோ, எந்தெந்த வீட்டில் பஞ்சை நனைத்தார்களோ.

பழக்கதோஷத்தில், மாதிரிக்கு ஒன்று எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

“எதுக்கும்மா? நீங்க எழுதினதுதான் எங்க வீட்டுலயே இருக்கே.”

கேமரா அந்தப் போட்டோவை விட்டு நகரவில்லை.