பாறையில் வழுக்காத ஷூ

"இன்னிக்கு நான் சொல்லப்போற மேட்டரக் கேட்டா, சிரிச்சி சிரிச்சி வயிறு புண்ணாயிடும் பானு" என்றான் தீனா.

"சொல்லேன்டா!"

"இரு, மொதல்ல போணி ஆவட்டும்."

கும்மிடிப்பூண்டி பஜார் செருப்புக் கடையில் தீனா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். அதற்குள் சரக்கைவிட அவன் வாய்க்குத்தான் கூட்டம் அதிகம். பஸ் கண்டக்டர், நர்ஸம்மா, ரயில்வே அறிவிப்பு, கைக்குழந்தை என்று எல்லோரும் அவன் தொண்டையில்தான் குடியிருந்தார்கள். பக்கத்திலேயே நின்று பில் போடும் பானுவுக்குப் பொழுது போவதே அதில்தான்.

ஒருவர் தாங்கித் தாங்கி நடந்து உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரோலிங் மில் பெயர் போட்ட நீலக் கம்பெனிச் சட்டை. காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ.

"தம்பி, மலை ஏறணும். பாறையில வழுக்காத ஷூ இருந்தா குடு."

தீனா பானுவைப் பார்த்துக் கண்ணடித்தான். அடுத்த நொடி கடைக்குள் ரயில்வே ஸ்டேஷன் பெண்மணி பேசினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ரோலிங் மில் அண்ணன் இன்னும் சற்று நேரத்தில் இமயமலை வந்து சேருவார்."

பானு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

வாய்தான் அப்படி, சரக்கு தெரிந்தவன் தீனா. இரண்டு பெட்டியைப் பிரித்தான்.

"இது ரோட்ல ஓடுறதுக்கு. அடி வழவழன்னு இருக்கு, பாறைக்கு ஆவாது. இது ட்ரெயில் ஷூ. அடியில பல்லு பல்லா ரப்பரு, கவ்விப் புடிக்கும். தண்ணி பூந்தாலும் நிக்காது. ஒரு நம்பர் பெருசாவே எடுங்கண்ணே. எறங்கசொல்ல வெரலு முன்னால போயி இடிக்கும்."

"ஆமா தம்பி. எறங்கசொல்லதான் போச்சி."

"இன்னாண்ணே போச்சி?" என்றாள் பானு.

"ஸ்டீபன். எங்கூட மில்லுல வேல பாத்தவன்." அவர் தன் பழைய ஷூவைக் காலால் தள்ளினார். "இரும்பு வுழுந்தாலே தாங்குதே, பாறை இன்னா பண்ணும்னு இதப் போட்டுகினுதான் எப்பவும் ஏறுவோம். ஈரப் பாறையில ரெண்டு பேரையும் சோப்பு மாரி இழுத்துகினு போயிடுச்சி."

"எந்த மலைண்ணே?"

"எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, அந்தாண்ட அருவி இருக்குல்ல? லீவு நாள்ல பசங்க போயி மாட்டிக்கும். நாங்க ரெண்டு பேரும் போயி எறக்கினு வருவோம். அவசரம்னா கூப்புடுங்கன்னு ஸ்டீபன் அவன் நம்பர கீழ பாறையில பெயிண்டால எழுதி வெச்சிருந்தான்."

தீனா கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது.

"ஞாயித்துக்கெழம ஒரு பொண்ணு ஃபோன் பண்ணுச்சி. ஸ்பீக்கர்ல போட்டான், நானும் கேட்டேன். ‘அண்ணா, மேல பாறைக்கு நடுவுல மாட்டிக்கினேன், கால் ஒடஞ்சிருச்சி, வாங்கண்ணா’ன்னு ஒரே அழுகை. லைன் கட்டாயிடுச்சி, திருப்பி அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஓடினோம். எவ்ளோ தேடியும் காணல. எறங்கசொல்ல ஸ்டீபன்..."

பழைய ஷூவை எடுத்து பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"முந்தாநாள் அடக்கம் பண்ணிட்டோம்."

பானு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப இப்ப எதுக்குண்ணே மறுபடியும்?"

"அந்தப் பொண்ணு இன்னும் மேலதானே கெடக்குது? யாரும் காணோம்னு கம்ப்ளெயிண்டே இல்லன்றாங்க போலீஸ்ல. ஊட்டுக்குத் தெரியாம வந்திருக்கும், பாவம். வுழுந்து கெடக்கசொல்ல ஸ்டீபன் கடசியா சொன்னது, ‘மோகன்ராஜு, அத வுட்டுறாத’ன்னு. நாலு நாளாச்சி. பொணமாவாச்சும் எடுத்தாந்து அது ஊட்ல குடுக்கணும். மழை வரும்போல இருக்கு. இப்பவே கெளம்புறேன்."

"இந்தக் காலோட தனியாவா?"

"வேற யாரு வருவா?"

தீனா சட்டென்று ஷூவை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். "இது வேணாம்ணே."

"ஏன் தம்பி?"

"சைஸ் இல்ல."

"இப்பதானே போட்டுப் பாத்தேன்?"

"டேமேஜ் பீசு. தர முடியாது. வேற கடை பாருங்க."

பானுவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கம்பெனி சட்டை போட்டுகினு வந்தா அவ்ளோ எளக்காரமாடா உனுக்கு? நீ நக்கல் பண்ணினே, நானும் பல்லக் காட்டினேன். உசுரு போவாம இருக்க ஷூ கேக்குறாரு, குடுக்க மாட்டியா? மனுசனாடா நீ?"

பெட்டியைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். மோகன்ராஜ் குனிந்து காலில் மாட்டினார்.

தீனா தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மேல யாரும் இல்லண்ணே. போவாதீங்க."

"உனுக்கு இன்னா தெரியும்? எங்காதால கேட்டேன்."

"சத்தியமா யாரும் இல்லண்ணே."

"வுடு தம்பி. அந்தக் கொரல நீ கேட்டிருந்தா இப்பிடிப் பேச மாட்ட."

அவர் லேஸைக் கட்ட ஆரம்பித்தார். தீனா வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அண்ணா... மேல பாறைக்கு நடுவுல... நான் மாட்டிக்கவேயில்லண்ணா..."

ஏதோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டு, யார் வந்தது என்று பானு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

லேஸில் இருந்த மோகன்ராஜின் விரல்கள் அப்படியே நின்றன. மெல்ல நிமிர்ந்து, தீனாவின் வாயைப் பார்த்தார்.