கூடு பார்க்க வந்தவள்

தூக்கணாங்குருவிகளில் ஆண் பாதிக் கூடு கட்டிக் காட்டும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதி.

அப்படிப் பாதி கட்டிக் காத்திருந்தான் இவன். பார்க்க வந்தவள் கூட்டை இழுத்துப் பார்த்தாள். பிரமாதமான பின்னல்.

"நார் எங்கேயிருந்து?"

"இதோ, கீழேயே கரும்புத் தோட்டம்!"

"வேறெங்கேயிருந்து?"

"வேறெதுக்கு?"

அவள் அதே பனையில் பக்கத்து ஓலைக்குப் போய்விட்டாள். அங்கே தொங்கியது கோணல் கூடு. அதைக் கட்டியவன் கரும்பு இருக்கும்போதே தினம் ஒரு நாராவது ஆற்றுக்கு அக்கரை நாணலில் கிழித்து வருகிறவன். 'கிறுக்கனுக்கு வந்த யோகம்!' என்று இவன் பொருமினான்.

மூன்றாம் நாள் கரும்பை வெட்டிவிட, தோட்டம் மொட்டையானது. அக்கரை வழி தெரியாத இவன் கூடு நாரில்லாமல் பாதியிலேயே நின்றது. பக்கத்துக் கூட்டுக்கோ அக்கரையிலிருந்து பச்சை நார் வந்துகொண்டே இருந்தது.

"கரும்பை நம்பக் கூடாதுன்னு எப்படித்தான் கண்டுபிடிச்சே?" என்று அவளிடம் கேட்டான், பொறாமைகூட மறந்து.

"போன வருஷம் என் முட்டையெல்லாம் பாதிக் கூட்டிலிருந்துதான் விழுந்தது," என்றாள்.